ஆறாத அண்டா

அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியும் அண்டா ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் காற்றாடியை நிறுத்திக் கட்டினார்கள். இன்று வெள்ளிக்கிழமை, காலை எட்டு. வித்யாலக்ஷ்மி தெர்மாமீட்டரின் முகத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். முள் நூற்று அறுபத்து மூன்றில் நின்றது. அவள் போட்ட கணக்குப்படி இந்நேரம் நூற்று முப்பத்தைந்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

கணக்கைவிடக் குறைந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பாள். கூடியிருந்ததால் சந்தேகம் வந்தது. சூடு தானாகக் கூடாது. யாராவது கூட்டினால்தான் உண்டு.

பேட்டை தொழிற்பேட்டையில் கடைசி வரிசையில் இருந்தது கனி அண்ணாச்சியின் ஷெட். பன்னிரண்டு வருஷம் சவூதியில், தமாமில் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கேட்டுக்கும் கிராதிக்கும் ஆர்டர் எடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை செய்து, அதற்குள் மணலைக் கொட்டி, மணலுக்குள் ஹீட்டர் காயில்களைப் புதைத்தார். கூரைக்கு மேலே ஒரு காற்றாடி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று அதைச் சுற்றும். அது டைனமோவைச் சுற்றும். அந்தக் கரண்டு மணலைச் சுடவைக்கும். உருளையைச் சுற்றி ஒரு முழம் கனத்துக்கு உமிச்சாம்பல் அடைத்திருந்ததால் சூடு லேசில் வெளியே போகாது. காற்று நின்ற பிறகும், கையால் சுற்றுகிற ஊதியை வைத்து மணலுக்குள் ஓடும் குழாயில் ஊதினால் மறுமுனையில் அனலாக வரும். அதில் மீன் காயும், நூல் காயும், எது வேண்டுமானாலும் காயும்.

பக்கத்து ஷெட் சொரிமுத்து அதற்கு அண்டா என்று பெயர் வைத்தான். "அண்ணாச்சி, பிரியாணி எப்ப எறக்குதிய?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் ஒரு தடவை கேட்பான். பிரியாணி அலுத்துப் போனால், "கடல வறுக்கதுக்கா இம்புட்டு இரும்பு?" என்பான்.

கேலி செய்யாமல் பார்த்த ஒரே ஆள், கடற்கரை ஊரான உவரியைச் சேர்ந்த பாக்கியசீலன். கருவாடு போடுகிற பெண்கள் எழுபது பேர் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். போன மாதம் வந்து அண்டாவை இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னார்.

"ஐப்பசி மழ பிடிச்சா மூணு நாளு விடாது வே. மீனு அப்படியே அழுவிப் போவும். மூணு நாளு சூடு நின்னா மூணு அண்டா எடுத்துக்கிடுதேன். நிக்கலன்னா ஒண்ணு கூட வேண்டாம்."

"நிக்கும்," என்றார் கனி.

"அத நீரு சொல்லக் கூடாது. ஒம்ம ஆளும் சொல்லக் கூடாது." சுற்றிலும் பார்த்தார். தெர்மாமீட்டர் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றவளைப் பார்த்தார். "இந்தப் பிள்ள யாரு?"

"ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ள. பிஎஸ்ஸி ஃபிசிக்ஸ். சூட்டக் கணக்குப் பாக்கதுக்கு வந்துருக்கு. வந்து ஒரு மாசந்தான் ஆவுது."

"அப்ப இது சொல்லட்டும். டீச்சர், நீங்க சரின்னா சரி, இல்லன்னா இல்ல. எழுவது பொம்பளைய வாய்ல மண்ணப் போட்டுராதிய."

அவள் டீச்சர் இல்லை. அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலுக்கான நாள்தான் இன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்று நாள் முடியும். பாக்கியசீலன் வருவார். அவள் சரி என்றால் கனி அண்ணாச்சி பிழைத்துக்கொள்வார், ஊரும் வாயை மூடும். ஏமாற்று வேலைக்குச் சரி சொல்லிவிட்டாளென்றால் ஐப்பசியில் எழுபது வீட்டு மீன் நாறும். பொய் இல்லாத இடத்தில் பொய் என்று சொல்லிவிட்டாளென்றால், நம்பி வேலை கொடுத்த மனிதரின் தலையில் தானே கல்லைப் போட்டதாகும்.

கனி அண்ணாச்சி ஏமாற்றுகிற ஆள் என்று நேற்று வரை அவளுக்குத் தோன்றியதில்லை. ஆனால் இந்த மூன்று நாளில் ஒன்றைக் கவனித்திருந்தாள். அவர் ஒரு தடவை கூட வந்து முள்ளைப் பார்க்கவில்லை. பரீட்சை எழுதியவன் ரிசல்ட்டைப் பார்க்காமல் இருப்பானா? முன்கூட்டியே தெரிந்தவன்தான் அப்படி இருப்பான். முந்தாநாள்கூட, "வியாழக்கெழம லீவு எடுத்துக்க பிள்ள. அது நிக்கும், நீ பயப்படாத," என்று சொல்லியிருந்தார். அவள் லீவு எடுக்கவில்லை. வந்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

காயில் வயர்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். அவை டைனமோவுக்குத்தான் போயின. அதற்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் மின்வாரியத்து ஸ்விட்ச் போர்டு. ஒரு சாண் வயர் இருந்தால் போதும், ராத்திரி மாட்டிவிட்டுக் காலையில் கழற்றிவிடலாம். முறுக்கிய தடம் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கையில் டெஸ்டர். பின்னாலேயே கனி அண்ணாச்சி.

"யாரு வே இங்கன கனி?"

"நாந்தான். என்ன சார்?"

"மீட்டருக்கு சூடு வச்சிருக்கியளாமே."

கனி அண்ணாச்சி விழித்தார். "நானா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, நீரேதான் சொல்லிருக்கீரு. டீக்கடையில வச்சு. மூணு நாளா சூடு வச்சிருக்கேன், எப்படின்னு ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு. காதுல விழுந்தவுக வந்து சொல்லிட்டாவ."

ஆட்டோ மீட்டராகட்டும் கரண்டு மீட்டராகட்டும், அதன் ஓட்டத்தைக் கள்ளத்தனமாக மாற்றுவதற்கு ஊரில் சூடு வைப்பது என்றுதான் பெயர். கனி அண்ணாச்சிக்கு அது உறைக்க அரை நிமிஷம் ஆனது. உறைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், அது மணலுக்கு வச்ச சூடு!"

"மணலுக்கு எதுக்குய்யா மீட்டரு?"

"மீட்டரே இல்ல சார். காத்துல வார கரண்டு."

"காத்துல வார கரண்டுக்கு நாங்க பில்லு போட முடியாதுல்லா? அதான் பயமா இருக்கு," என்றபடி அவர் போர்டைக் கழற்றினார்.

வேலிக்கு மேல் சொரிமுத்துவின் தலை தெரிந்தது. "என்ன அண்ணாச்சி, ஏதும் பிரச்சனையா?" என்று ரொம்பக் கரிசனமாகக் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல லே. நீ வச்ச சூடு எனக்கு நல்லா ஒறைச்சுட்டு," என்றார் கனி.

மின்வாரியத்துக்காரர் மீட்டரின் சீலைத் தடவிப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரீடிங் எடுத்ததே அவர்தான். அதற்குப் பிறகு ஓடியது ஒன்றரை யூனிட்.

"ஒரு டியூப்லைட்டு, ஒரு ஃபேன். அம்புட்டுதான்," என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "பெரியவரு வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் காத்துக் கரண்டுலயே இரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். வித்யாலக்ஷ்மி சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு சூடு கூடி நிற்க வேண்டுமென்றால் எட்டு யூனிட்டாவது உள்ளே போயிருக்க வேண்டும். ஒன்றரையில் நடக்காது. ஆக, மின்வாரியத்துக் கரண்டு இல்லை. அது மட்டும் நிச்சயம். மற்றவர்கள் காதில் விழாமல் போன ஒரு வார்த்தை அவள் காதில் நின்றது. எப்படி என்று ஒருத்தனுக்கும் தெரியாது. காற்றாடி ஊருக்கே தெரியும். உமிச்சாம்பலைப் பத்து ஆள் வைத்து அடைத்தார்கள். தெரியாதது என்ன?

மின்வாரியத்துக்காரர் போன பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சொரிமுத்து ஷெட்டிலிருந்து வயர் எதுவும் வரவில்லை. வேலி ஓரமாக நெருஞ்சியும் துருப்பிடித்த தகடும்தான். காற்றாடியைக் கட்டிய சங்கிலியில் பூட்டு அவள் போட்டபடியே கிடந்தது, சாவி அவள் பையில். தெர்மாமீட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் விட்டாள். நூறுக்கு ஒரு கோடு கீழே நின்றது. அதுவும் சரி.

கனி அண்ணாச்சி ஒரு கிராதிக் கம்பியை அரத்தால் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெர்மாமீட்டரை மறுபடி பொருத்தும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சூடேற்ற நான்கு நாள் போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆறு நாள் ஆனது. காற்று போதவில்லை என்று அப்போது விட்டுவிட்டாள். ஆனால் காற்று நன்றாகத்தானே அடித்தது? ஏறவும் நேரம், இறங்கவும் நேரம். திருட்டுத்தனமாகச் சூடேற்றினால் இறங்குவது மட்டும்தான் தாமதமாகும். இரண்டும் தாமதமானால் உள்ளே இருக்கிற சரக்கு கனம் என்று அர்த்தம். அண்டாவின் கொள்ளளவை அவளே அளந்தாள். மணலின் எடையை அளக்கவில்லை. ஆற்று மணலுக்குப் புத்தகத்தில் என்ன போட்டிருந்ததோ அதை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி," என்றாள். "இந்த மணல் எங்க எடுத்தது?"

அரம் ஒரு இழுப்பு நின்று, பிறகு ஓடியது.

"ஆத்து மணல்தான். வேற என்ன?"

"எந்த எடத்துல?"

"ஒங்க ஊருப் பக்கந்தான். அணைக்குக் கீழ."

"அணைக்குக் கீழ எந்தப் படித்துறை?"

"மணலுக்கெல்லாமா பிள்ள வீட்டு நம்பர் இருக்கு?" என்று சிரித்தார். எழுந்து கையைத் துடைத்தார். "ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. குளிச்சுட்டுப் போவணும்."

மணி பதினொன்று கூட ஆகவில்லை.

பாக்கியசீலன் ஐந்தரைக்கே வந்துவிட்டார். ஐஸ் போட்ட கூடையில் நான்கு கிலோ நெத்திலி. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றியிருக்கிறார்.

"மனுசனுக்கு டிக்கெட்டு ரெண்டு ரூவா, மீனுக்கு மூணு ரூவாங்கான். அது நின்னுக்கிட்டுதான வருதுன்னு கேட்டேன். எறக்கி விட்டுருவேங்கான்!"

முள்ளைப் பார்த்தார். நூற்று ஐம்பத்து நான்கு. கனி அண்ணாச்சி ஊதியைச் சுற்ற, குழாயின் வாயில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "அந்தோனியாரே! சுடுதுடே!" நெத்திலியைத் தட்டில் பரப்பிக் குழாயின் எதிரே அவரே வைத்தார். ஈரம் ஆவியாகப் பறந்தது.

"நேத்தே வந்துருப்பேன் டீச்சர்," என்றார் அவளைப் பார்த்து. "ஊர்ல கூட்டம். கடக்கரையில லாரி வருது, டெம்போ வருது, யாருன்னே தெரியல. கருமணல அள்ளிட்டுப் போறானுவ. எங்களுக்குத் தெக்க கர ஒரு பனை ஒசரம் சரிஞ்சு கெடக்கு. போன வருசம் வள்ளம் இழுத்து வச்ச எடத்துல இப்ப கடல் நிக்குது. முன்வரிசையில மூணு வீட்ட ஒழிச்சுட்டாவ. இனிமே அந்த மணல எவனாவது தொட்டா வண்டியோட கடல்ல தள்ளுததுன்னு கையெழுத்துப் போட்டுருக்கோம்."

"டீ சாப்பிடுதியளா?" என்றார் கனி.

"எதுக்கு அதுக்கு இம்புட்டு கிராக்கின்னே வெளங்கல. கைல எடுத்தா ஈயம் கணக்கா கனக்கும், அம்புட்டுதான்."

"டீ சொல்லுதேன், இரியும்."

"இரும் வே, நான் மொதல்ல அந்தக் காத்தாடிய ஒருக்கப் பாத்துட்டு வாரேன். எங்க ஊர்க் காத்துக்கு அது தாங்குமா?" என்று பாக்கியசீலன் வெளியே போனார்.

வித்யாலக்ஷ்மி ஸ்பேனரை எடுத்தாள். அண்டாவின் அடியில் மணல் மாற்றுவதற்கென்று ஒரு மூடி இருந்தது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கனி அண்ணாச்சி தடுக்கவில்லை. ஊதியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். இரும்புச் சட்டியில் ஒரு கை அளவு மணல் சர்ரென்று விழுந்தது. கறுப்பாக இருந்தது. நடுநடுவே ரத்தச் சிவப்பில் பொடிகள்.

"சூட்டுல கருத்துப் போச்சு," என்றார் அவர்.

பழைய டைனமோவிலிருந்து கழற்றிப் போட்ட காந்தம் ஒன்று பெஞ்சில் கிடந்தது. அவள் அதைக் கொண்டுவந்து சட்டிக்கு மேல் காட்டினாள். ஆற்று மணலிலும் நாலைந்து கறுப்புத் தூசி காந்தத்தில் ஒட்டும், பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு தாடியே முளைத்தது. உதறினாலும் விழவில்லை.

"ஒரே ஒரு டெம்போ பிள்ள." கனி அண்ணாச்சியின் குரல் பைய வந்தது. "மொதல்ல அண்டாவுல ஆத்து மணலத்தான் போட்டேன், நீ வாரதுக்கு முன்ன. அதுவும் நின்னுச்சு, ஆனா ரெண்டு நாளுதான். அந்த ஆளு மூணு நாளுன்னு நின்னுட்டாரு. பெரிசா செய்யணும்னா தகட்டுக்கு எங்கன போவேன்? தமாம்ல என்கூட இருந்த ஒருத்தன் சொன்னான், இந்த மணலு சூட்ட விடாதுன்னு. நீ ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயித்துக்கெழம மாத்திப் போட்டேன். கரண்டத் திருடல, காத்தத் திருடல. கடல்ல ஒரு டெம்போ போனா கடலுக்குத் தெரியவா போவுது?"

"மூணு அண்டா கேக்கறாரே. அதுக்கு?"

அவர் ஊதியின் கைப்பிடியை அரைச் சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"எந்த ஊர்க் கடல் அண்ணாச்சி?"

அவர் வாசலைப் பார்த்தார். வெளியே பாக்கியசீலன் அண்ணாந்து காற்றாடியைப் பார்த்துக்கொண்டு, சொரிமுத்துவிடம் கையை விரித்து என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"நீ பொய் சொல்ல வேண்டாம் பிள்ள," என்றார் கனி. "அல்லா சத்தியமா, ஒன்ன நான் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். அவரு கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

சட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். மூடியை மாட்டி, கையாலேயே இரண்டு போல்ட்டை முறுக்கினார். சூடு பட்டுக் கையை உதறிக்கொண்டார். பாக்கியசீலன் உள்ளே வந்தார். தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வளைத்துப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார்.

"எங்க குசினிப் புகையில வச்சாக்கூட இப்படிக் காயாது. கனி அண்ணாச்சி, ஒம்ம வாயால ஒண்ணும் சொல்லாண்டாம். பேசாம இரியும்." அவள் பக்கம் திரும்பினார். சுவரில் கடிகாரம் ஆறைத் தொட்டிருந்தது. "டீச்சர், நீங்க சொல்லுங்க. இது மணல் பிடிச்சு வச்ச சூடுதானா? இல்ல, உள்ளுக்குள்ள வேற ஏதும் சித்து வேல நடந்துருக்கா?"

ஆமா என்ற ஒரு சொல் போதும். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மணல்தான் பிடித்து வைத்திருக்கிறது. கரண்டு திருடவில்லை, தெர்மாமீட்டர் சரி, பூட்டு அப்படியே இருக்கிறது. எந்தப் பரீட்சையிலும் அந்த விடைக்கு முழு மார்க். கனி அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை, ஊதியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு மேல் சொரிமுத்துவின் தலை வந்திருந்தது. ரெண்டு மாசமாக அவள் இந்த ஷெட்டில் யாரோடும் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசியதில்லை.

"மணல் பிடிச்ச சூடுதான்," என்றாள்.

பாக்கியசீலன் கனி அண்ணாச்சியின் தோளில் தட்டக் கையைத் தூக்கினார்.

"ஆனா ஆத்து மணல் இல்ல." பாக்கியசீலனைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னாள். "ஆத்து மணல் இல்ல அண்ணாச்சி. உங்க கடக்கரைல அள்ளின கருமணல்."